இருநூற்றுப் பதினாறு தாள்கள்

பழைய புத்தகங்களுக்குக் காவல் இருக்கும் வேலையில் புத்தகங்களால் ஒரு தொந்தரவும் வராது. வருவதெல்லாம் அவற்றைப் பார்க்க வருகிற மனிதர்களாலும், எடுத்துக் கொடுக்கிற நம்மாலும்தான். வங்கியோ தபால் நிலையமோ ரேஷன் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்த அத்தனை பேரும் என் கட்சிதான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் டொராண்டோவில் ஒரு கல்லூரி நூலகத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே பூட்டிய அலமாரிகளில் சுமார் நூற்றைம்பது புத்தகங்கள். எல்லாம் ஐரோப்பாவில் அச்சு யந்திரம் வந்த புதிதில், அதாவது ஆயிரத்து ஐந்நூறாம் ஆண்டுக்கு முன்னால் அச்சானவை. பிரசங்கத் தொகுப்பு, வேத வியாக்கியானம், இலக்கணம், சட்டம் என்று பெரும்பாலும் லத்தீன். எனக்கு லத்தீன் தெரியாது. திருச்சியில் நூலகப் படிப்பு முடித்தவள் என்பதும், பென்சிலில் அழகாக எழுதுவேன் என்பதும்தான் என் தகுதி. முதல் ஆறு மாதம், டிசம்பர் முதல் மே வரை, பரீட்சார்த்தம். பிடித்திருந்தால் நிரந்தரம்; இல்லாவிட்டால் வீட்டுக்கு.

இந்த ஆறு மாதத்தில் என் உயிரே இருந்தது. எங்கள் ஐந்து வயது மகள் சாந்தா அப்போது திருச்சியில் என் அக்காவிடம் இருந்தாள். என் கணவருக்கு அஜின்கோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலை, அதுவும் மாதத்துக்கு மாதம் நீட்டிப்பார்கள். எங்களில் ஒருவருக்காவது வேலை நிலையான பிறகுதான் பிள்ளையை அழைத்துக்கொள்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். பேசி வைப்பது எளிது, அவள் இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் திரும்புவதுதான் முடியவில்லை.

முகம் இல்லாத பதினொன்று

முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை, அலமாரியில் உள்ள புத்தகங்களைப் பார்த்து, சேதம் இருந்தால் அதன் பட்டியல் அட்டையில் பென்சிலால் குறிப்பது. முதல் புத்தகத்தைத் திறந்தேன். பெயர் போட்ட பக்கத்தைக் காணோம். எடுத்த எடுப்பில் இரண்டு பத்தியாக லத்தீன் தொடங்கி ஓடுகிறது. யாரோ கிழித்துவிட்டார்கள் என்று எழுதினேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். சாயங்காலத்துக்குள் பதினொரு புத்தகத்துக்குத் 'தலைப்புப் பக்கம் இல்லை, கிழிக்கப்பட்டிருக்கிறது' என்று குறிப்பெழுதி, இவ்வளவு பெரிய திருட்டைக் கண்டுபிடித்த பெருமையோடு தலைவி மிஸ் கார்ட்டரின் மேஜையில் வைத்தேன். நிரந்தரம் அன்றைக்கே ஆகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

மிஸ் கார்ட்டர் ஒல்லியாக, உயரமாக, வருஷம் முழுவதும் அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் இருப்பவர். சிரிக்கும் வழக்கம் கிடையாது. அட்டைகளைப் பதினொன்றும் நிதானமாகப் படித்தார். பிறகு அந்தக் காலத்தில் புத்தகத்துக்குத் தலைப்புப் பக்கம் என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது என்றும், பெயர், ஊர், அச்சிட்டவர் எல்லாம் கடைசியில் நாலு வரியாக இருக்கும் என்றும் சொல்லி, ஓர் அழிப்பானை என் பக்கம் தள்ளினார். பதினொரு அட்டையையும் அழித்து முடிக்க மறுநாள் மதியம் ஆயிற்று. பக்கத்து மேஜை டோரத்தி, அங்கே இருபது வருஷமாக இருப்பவள், என்னை ஆறுதல் படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "கவலைப்படாதே கோமதி, எனக்கு முன்னால் இருந்தவள் முப்பத்தாறு எழுதினாள்."

கதகதப்பான அறிஞர்

ஜனவரியில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். பெயர் சேகர், சிவில் இன்ஜினியரிங் மேல்படிப்பு. பேராசிரியர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வாசகர் சீட்டு எடுத்திருந்தான். தினமும் பத்து மணிக்கு வருவான், ஒரு தடித்த வேத வியாக்கியானப் புத்தகமாகக் கேட்பான், பஞ்சுத் தலையணை மேல் அதைத் திறந்து வைத்துக்கொள்வான், நாலு மணிவரை அசைய மாட்டான். மிஸ் கார்ட்டர் என்னிடம், உங்கள் நாட்டுப் பிள்ளைகளின் ஞான தாகம் வியப்பாக இருக்கிறது என்றார். நானும் ஊர்ப் பெருமையில் தலையாட்டி வைத்தேன்.

பிறகுதான் கவனித்தேன். புத்தகம் மூன்று நாளாக ஒரே பக்கத்தில் திறந்திருக்கிறது. பையன் வோபர்னில் ஒரு நிலவறையில் குடியிருந்தான்; வீட்டுக்காரர் பகலில் ஹீட்டரை அணைத்துவிடுவாராம். எங்கள் அறையிலோ புத்தகங்களுக்காக நாள் முழுவதும் ஒரே சூடு. லத்தீனுக்கு எதிரில் உட்கார்ந்து அவன் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அறையில் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில்தான். மார்ச் மாதம் ஒரு நாள் சீட்டை நீட்டியபடி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, அப்பா கேட்டு எழுதியிருக்கார், கனடாவுல இங்க்கே கிடைக்காதான்னு."

பெயின்டர் வரவில்லை

அறைக்கு வெள்ளையடிக்க வந்தவர் சொன்ன நாளைவிட மூன்று நாள் தாமதமாக வந்தார். மிஸ் கார்ட்டர் அவரைப் பார்த்த பார்வையில் பெயின்ட் உலர்ந்திருக்கும். மத்தியானம் அவர் ஏணியில் இருந்து இறங்கி, நான் திறந்து வைத்திருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார். ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதல் எழுத்து இருக்கவேண்டிய இடம் சதுரமாகக் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் அச்சுக்காரர் அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுவார், வாங்கியவர் ஓவியரை வைத்துச் சிவப்பிலும் நீலத்திலும் எழுத்தை வரைந்துகொள்ள வேண்டும், இந்தப் புத்தகத்தை வாங்கியவருக்கு ஏனோ அது நடக்கவில்லை என்று விளக்கினேன். அவர் பக்கங்களைப் பார்த்தார், மிஸ் கார்ட்டரின் அறைக் கதவைப் பார்த்தார். "கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷமாக ஆள் வரவில்லை, அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் மூன்று நாள்தான்."

பிளாஸ்டிக் பையில் பைபிள்

உங்களில் யாராவது இப்படிப்பட்ட அறையில் வேலை பார்த்திருந்தால் பிளாஸ்டிக் பையைக் கண்டதும் எங்கேயாவது ஒளிந்துகொள்ளத் தோன்றும். பைக்குள் குடும்பப் பைபிள் இருக்கும். கொண்டுவந்தவர் அது உலகத்தின் முதல் அச்சுப் புத்தகம் என்று நம்பியிருப்பார். பார்த்தால் நூறு வருஷம்கூட ஆகியிருக்காது. அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியது பரீட்சார்த்தத்தில் இருப்பவளின் வேலை. சிலர் கோபப்படுவார்கள். ஒருவர் எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்டார்.

மில்லிக்கன் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பையைப் பிரித்தால் உள்ளே துண்டு, துண்டுக்குள் ஃப்ளானல், ஃப்ளானலுக்குள் பைபிள். கணவர் இறந்ததிலிருந்து அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாராம். நான், இது ஐந்நூறு வருஷம் இல்லை அம்மா, சுமார் எண்பது, இது போல ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தைத் துண்டில் சுற்றாமல் அப்படியே கையில் எடுத்துக்கொண்டார். "நல்லதாகப் போயிற்று, இனி பயமில்லாமல் படிக்கலாம், ஆறு வருஷமாக இதைத் தொடவே இல்லை."

இம்மானுவேல் அண்ணை

ஏப்ரலில் வந்தவர் இம்மானுவேல். ஐம்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், தபால் பிரிக்கும் இடத்தில் வேலை, வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் சார் என்று கூப்பிட்டதும் அண்ணை என்று சொல்லும்படி திருத்தினார். பழைய லத்தீன் பிரசங்கப் புத்தகம் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு ஆராய்ச்சி என்று டோரத்தி கேட்டதற்கு, ஆராய்ச்சி இல்லை, வாசிக்கத்தான் என்றார். இருபது வருஷத்தில் அப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்பது டோரத்தியின் முகத்தில் தெரிந்தது.

புது வாசகருக்கு ஒரு பேராசிரியரோ நூலக ஊழியரோ பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். அவருக்குப் பேராசிரியர் யாரையும் தெரியாது. நான் போட்டேன். பரீட்சார்த்தத்தில் இருப்பவள் இன்னொருவருக்கு ஜாமீன் நிற்கலாமா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பாதிரியார் ஆவதற்காக எட்டு வருஷம் குருமடத்தில் லத்தீன் படித்தவராம். கடைசி வருஷம் பிலோமினா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கல்யாணம் செய்துகொண்டாராம். இத்தனைக்குப் பிறகும் லத்தீன் எதற்கு அண்ணை என்று கேட்டேன். உதடு அசைய ஒரு வரியைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "சுவாமியாராப் போகேல்லை எண்டதுக்காக லத்தீனையும் விடவேணுமே, பிள்ளை?"

எண்ணிக்கை

இந்தப் புத்தகங்களில் பக்க எண் கிடையாது. அதனால் எங்கள் அறையில் ஒரு வழக்கம். கொடுக்கும் முன் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சீட்டில் எழுதவேண்டும்; திரும்பி வந்ததும் மறுபடி எண்ணிப் பக்கத்தில் எழுதவேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். நல்ல தடித்த புத்தகம் என்றால் எண்ணுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

மே மாதம் மூன்றாவது வியாழன். காலையில் அக்காவின் கடிதம் வந்திருந்தது. சாந்தாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டதாம், அம்மாவிடம் காட்டவேண்டும் என்று அதை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாளாம். அதைப் பஸ்ஸில் இரண்டு தடவை, சப்வேயில் இரண்டு தடவை படித்தேன். வேலைக்கு வந்தால் இம்மானுவேல் அண்ணை வாசலில் காத்திருக்கிறார். அவர் அதுவரை கேட்காத ஒரு புத்தகத்தைக் கேட்டார். அலமாரிப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினாறு தாள், கடைசித் தாள் வெறுந்தாள் என்று போட்டிருந்தது. தெரிந்த மனிதர்தானே என்று, எண்ணாமலே சீட்டில் இருநூற்றுப் பதினாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு நான் மாடியில் இல்லாத நேரத்தில் அவர் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாங்கிய டோரத்தி எண்ணியிருக்கிறாள். இருநூற்றுப் பதினைந்து. மூன்று தடவை எண்ணியும் அதேதான். கடைசியில் இருக்கவேண்டிய வெறுந்தாளைக் காணோம். நான் வந்தபோது மிஸ் கார்ட்டர் இரண்டு சீட்டையும் மேஜையில் வைத்திருந்தார். ஒன்று அன்றைய சீட்டு, இன்னொன்று நான் ஜாமீன் போட்டது. பழைய வெறுந்தாளுக்குக் கள்ள ஆவணம் தயாரிக்கிறவர்களிடம் கிராக்கி உண்டு என்றும், கல்லூரிக் காவலுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றும் சொன்னார். என் கையெழுத்தில் அந்த இருநூற்றுப் பதினாறு தெளிவாக, அழகாக இருந்தது.

நான் வாயைத் திறக்காவிட்டால் என் வேலைக்கு ஆபத்து குறைவு, அவர் திருடன் ஆவார். திறந்தால் என் கதை முடிந்தது. அந்த ஒரு நிமிஷம் சாந்தாவின் பல் டப்பாதான் கண்ணில் நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு, காலையில் நான் எண்ணவில்லை, பதிவேட்டைப் பார்த்து எழுதினேன் என்று சொன்னேன். மிஸ் கார்ட்டர் இரண்டு சீட்டையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். காவலுக்குச் சொல்வதை நாளைக் காலைவரை தள்ளிவைக்கிறேன் என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் வீட்டிலிருந்து இம்மானுவேல் அண்ணைக்குப் போன் செய்து, அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, யோசித்துத்தான் பேசினார். "பிள்ளை, நான் எடுக்கிறதெண்டால் எழுத்துள்ள தாளையெல்லோ எடுத்திருப்பன், வெறுந்தாளை வச்சு நான் என்ன செய்யிறது?"

கடைசித் தாள்

மறுநாள் சீக்கிரமாகவே போய், அந்தப் புத்தகத்தை நான் ஒரு முறை எண்ண அனுமதி கேட்டேன். மிஸ் கார்ட்டர் எதிரில் உட்கார்ந்துகொண்டு கொடுத்தார். இந்தப் புத்தகத்தின் தையலில் நாலு தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் மடிப்பார்கள். மடித்தால் எட்டு. அந்த எட்டு ஒரு கட்டு, அப்படி இருபத்தேழு கட்டு. நான் கட்டுக் கட்டாக எண்ணிக்கொண்டே போனேன். இருபத்தாறு கட்டில் ஒவ்வொன்றிலும் எட்டு. கடைசிக் கட்டில் மட்டும் ஏழு.

ஒரு முழுத் தாளை மடித்துத்தான் முதலாவதும் எட்டாவதும் வருகின்றன. எட்டாவதை யாராவது கிழித்திருந்தால் முதலாவது பிடிப்பில்லாமல் ஆடவேண்டும், அல்லது ஓரத்தில் கிழிந்த விளிம்பாவது தெரியவேண்டும். மெல்ல அசைத்துப் பார்த்தேன். முதலாவது அசையவில்லை. விளிம்பும் இல்லை. அப்படியானால் அதன் மறுபாதி எங்கேயோ இருக்கிறது. மடிப்பைப் பின்தொடர்ந்து விரலைக் கொண்டுபோனேன். அது அந்தக் கட்டின் முதுகைச் சுற்றிப் பின்னட்டைக்குப் போய், அட்டையின் உட்புறம் பசை போட்டு ஒட்டிய காகிதத்தில் முடிந்தது. யாரோ ஒரு பைண்டர், என்றைக்கோ, தனியாகக் காகிதம் வாங்குவானேன் என்று கடைசி வெறுந்தாளையே அட்டையோடு ஒட்டிவிட்டார். பதிவேடு எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது. கணக்கில் சேர்த்துவிட்டு, ஒட்டியிருக்கிறது என்று எழுத மறந்திருக்கிறார். அந்த இடத்தை மிஸ் கார்ட்டருக்கு விரலால் காட்டினேன்.

மிஸ் கார்ட்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு இம்மானுவேல் அண்ணைக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தாமே தட்டச்சு செய்து, அவர் சீட்டில் ஜாமீன் இடத்தில் என் பெயரை அடித்துவிட்டுத் தம் பெயரைப் போட்டார். அடுத்த வியாழன் அண்ணை வந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். எனக்கோ, நான் எழுதிய எண் சரியாகவே இருந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஜூன் முதல் தேதி நிரந்தரம், மகளுக்கு டிக்கெட் என்று மனம் விமான நிலையத்துக்கே போய்விட்டது. மாதக் கடைசியில் மிஸ் கார்ட்டர் கூப்பிட்டு, தாளைக் கண்டுபிடித்தது நல்ல வேலை என்றும், பரீட்சார்த்தத்தை ஆகஸ்ட் முடிய மூன்று மாதம் நீட்டியிருப்பதாகவும் சொன்னார். எண் சரிதானே என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். "டோரத்தி எண்ணித் தப்பாகச் சொன்னாள், நீ எண்ணாமல் சரியாகச் சொன்னாய்; எனக்கு இந்த அறையில் டோரத்தியின் தப்புதான் வேண்டும்."

செப்டம்பர் முதல் வாரம் சாந்தா வந்து சேர்ந்தாள். ஒரு காலை நேரம் இருநூற்றுப் பதினாறு தாளை எண்ணச் சோம்பல்பட்ட அவளுடைய அம்மா, அந்தக் கோடையில் தொண்ணூற்றிரண்டு நாளை ஒன்றுவிடாமல் எண்ணி முடித்திருந்தாள்.